சித்தப்பாவின் குதிக்கால் வெடிப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சித்தப்பாவை ஓர் ஆகஸ்ட் ஞாயிறு ஜேர்மனியின் பால்டிக் கடலோரமான வார்னமுண்டேக்குக் கூட்டிப்போனேன். நான் பாயை விரித்து நிமிர்வதற்குள் முழங்காலளவு தண்ணீரில் நின்றார். இருபது வருடச் சீனி வருத்தம். குதிக்காலில் இரத்தம் கசியும் வெடிப்பு.

"சித்தப்பா, புண்ணோட இறங்காதேங்கோ!"

"உப்புத்தண்ணி பட்டால் புண் ஆறும், பிள்ளை."

ஊரில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பால்டிக் கடலில் அந்த உப்பே குறைவு. பெருங்கடலில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். கிழக்கே ஊசடொம் தீவுப் பக்கம் 7, 8 கிராம்தான். இந்தக் குறையுப்புத் தண்ணீர் 20 பாகைக்கு மேல் சூடேறினால் 'விப்ரியோ வல்னிஃபிக்கஸ்' என்ற பக்டீரியா வேகமாகப் பெருகும். அது சாக்கடையிலிருந்து வருவதல்ல, கடலிலேயே வாழ்வது. தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பி இறங்க முடியாது.

காயத்தின் வழியே உடம்புக்குள் போனால் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோல் சிவந்து வீங்கும். சின்னக் காயத்துக்குத் தாங்கமுடியாத வலி, கருநீலக் கொப்புளம், காய்ச்சல் வரும். தசை அழுகினால் வெட்டி அகற்ற வேண்டும்; இரத்தத்தில் கலந்தால் உயிரே போகலாம். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு இது மிக அரிது. முதியவர்கள், சலரோகமோ ஈரல் நோயோ உள்ளவர்கள்தான் அஞ்ச வேண்டும். 2018 கடும் வெயிலில் இங்கே நோயாளிகள் கூடினார்கள். 2020 முதல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொற்று.

வாய் வழியாகவும் வரும். சிப்பி கடல்நீரை வடிகட்டியே உண்பதால் கிருமி அதற்குள் சேர்கிறது. பச்சைச் சிப்பியில் தேசிக்காய் பிழிந்தால் கிருமி சாகாது. உள்ளே 70 பாகைச் சூடு இரண்டு நிமிடமாவது நிற்க வேண்டும். எங்கள் நண்டுக்குழம்பு நன்றாகக் கொதித்தே இறங்குகிறது. ஆனால் நண்டைத் துப்புரவாக்கும்போது ஓடு கையில் குத்தும். சலரோகக்காரர் கையுறை போடுங்கள்.

சித்தப்பாவின் காலை அங்கேயே குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வீட்டில் வெடிப்பைச் சுற்றியிருந்த சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றிக் கோடிட்டு, மூன்று மணிக்கொரு தடவை பார்த்தேன். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு ஓடியிருப்போம். தொடக்கத்திலேயே கொடுக்கும் அன்டிபயோட்டிக் உயிரைக் காக்கும். அதற்கு டொக்டருக்குக் கடல் விஷயம் தெரிய வேண்டும். டொச் தெரியாத சித்தப்பாவுக்கு ஒரு வசனம் சொல்லிக்கொடுத்தேன்: "இஷ் வார் இன் டெர் ஓஸ்ட்சே." 'நான் பால்டிக் கடலில் இறங்கினேன்' என்று அர்த்தம்.

சிவப்பு கோட்டைத் தாண்டவில்லை. வெடிப்பு ஆறும்வரை அவர் மணலில் இருந்தே கடலைப் பார்த்தார்.