சீதாதேவி பறந்த வழி

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சில மைல் சென்றால் இரத்மலானை விமான நிலையம் வரும். 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் கம்பனியின் முதல் விமானம் அங்கிருந்தே கிளம்பிற்று. அது நாடியது இலண்டனையன்று. காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்கே சென்றது. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் மறுபடி புகைவண்டி பிடித்து அலுத்துப்போன நம்மவர்க்கு அது பெரும் வரப்பிரசாதம்.

அக்கம்பனியின் மூன்று டக்கோட்டா விமானங்களுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர். வான்வழியே இலங்கைக்கு வந்த முதற் பெண்மணியின் பெயரையே முதல் விமானத்துக்குச் சூட்டினரே என்று நாம் நகைத்துக்கொள்வதுண்டு!

பின்னர் அவுஸ்திரேலிய, டச்சு, பிரித்தானியக் கம்பனிகளின் கூட்டுறவால் இலண்டன், சிட்னி வரை சேவை விரிந்தது. அவ்றோவும் ட்ரைடென்ட் ஜெட்டும் வந்தன. 1979இல் எயார் லங்கா அதன் இடத்தைப் பெற்றது.

ஆயின், அந்த முதல் வழியே நம் நெஞ்சுக்கு அணித்தானது. யுத்தத்தால் அது அறுந்தபின், வடக்கேயுள்ள சென்னைக்குச் செல்ல யாழ்ப்பாணத்தார் முதலில் தெற்கே கட்டுநாயக்கா வரை வரவேண்டியதாயிற்று. வைத்தியத்துக்குச் செல்லும் முதியோர் பட்ட பாடு கொஞ்சமன்று. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது முதலில் வந்திறங்கிய விமானமும் சென்னையிலிருந்தே வந்தது. கொரோனாவால் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கிற்று.