கழுவுவதற்கு முன் காட்டுங்கள்

புக்கிட் மேரா சென்ட்ரலில், 162ஆம் புளோக்கில் பலதுறை மருந்தகம் இருக்கிறது. அதற்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் சாயங்காலம் நான்கு மணிக்கு மேசை கிடைப்பது சிரமமில்லை. எங்கள் புளோக் அக்கா ஆளுக்கொரு தே ஹாலியா வாங்கி வந்து உட்கார்ந்தார். தாதி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த மேசைக்கு இப்படித்தான் கேள்விகள் வருகின்றன: முதலில் தேநீர், பிறகு தணிந்த குரல்.

"நாளைக்குக் காலையில அங்க வரச் சொல்லியிருக்காங்கம்மா. கருப்பை வாய் டெஸ்ட்டாம்." பையைத் திறந்து ஒரு பாட்டிலைக் காட்டினார். வெற்றிலைப் படம் போட்ட, பெண்களுக்கான கழுவு நீர். "டாக்டர் முன்னாடி போய்ப் படுக்கணும். சுத்தமாப் போக வேணாமா?"

"அக்கா, அதைத்தான் செய்யக்கூடாது."

கருப்பை வாய்ப் பரிசோதனை என்பது அந்த வாயின் மேற்பரப்பிலிருந்து சிறு தூரிகையால் கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்ப்பது. முந்தைய இரண்டு நாள் உள்ளே கழுவினால் பார்க்க வேண்டியதே அடித்துக்கொண்டு போய்விடலாம். உள்ளே வைக்கும் களிம்பும் மாத்திரையும் வேண்டாம், உடலுறவும் வேண்டாம். சில ரத்தப் பரிசோதனைகளுக்குச் சாப்பிடாமல் போகிறோம் அல்லவா? இதற்குக் கழுவாமல் போக வேண்டும். வழக்கம்போல் குளித்துவிட்டுப் போனால் போதும்.

அக்கா பாட்டிலைப் பைக்குள் வைக்கவில்லை. "அப்ப மத்த நாளு?" என்றார். கதை அங்கேதான் தொடங்குகிறது.

நம் பெண்கள் "கீழே அரிக்குது", "கீழே எரியுது" என்பார்கள். அந்தக் "கீழே"யில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று வெளியே தெரியும் தோல், மடிப்புகள். அது தோல்தான், குளிக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவலாம், வேண்டுமானால் வாசனையில்லாத மென்மையான சோப்பைக் கொஞ்சம் தொடலாம். இன்னொன்று உள்ளே போகும் பாதை, யோனி. அதைக் கழுவும் வேலை நமக்கு இல்லை. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது.

அதைச் செய்வது நுண்ணுயிர்கள். 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் அவற்றை விவரித்தார். லாக்டோபேசில்லஸ் என்று பெயர். தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களுக்கு உறவுக்காரர்கள். யோனிச் சுவர் தரும் சர்க்கரைச் சத்தை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் உள்ளே அமிலத்தன்மை 3.8 முதல் 4.5 பிஎச் வரை நிற்கும். ஏறக்குறைய தக்காளியின் புளிப்பு. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகாது. சோப்புக் கட்டியோ அந்தப் புளிப்புக்கு நேர் எதிர், 9, 10 பிஎச். உள்ளே சோப்பு போடுவது காவலாளியை அடித்து விரட்டிவிட்டு வீட்டைப் பூட்டாமல் போவதற்குச் சமம். உறவுக்காரர்கள்தானே என்று தயிரை எடுத்துத் தடவவும் வேண்டாம். தயிரில் இருப்பவை வேறு இனங்கள். அங்கே குடியிருப்பவை அல்ல.

இந்தக் கழுவும் மோகம் நம்முடையது மட்டும் இல்லை. 1920களிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவில் லைசால் என்ற கிருமிநாசினியை, தரை துடைக்கும் அதே லைசாலை, பெண்களின் உட்புறத் தூய்மைக்கென்று விளம்பரம் செய்தார்கள். கணவன் முகம் சுளித்தால் குற்றம் மனைவியுடையது, தீர்வு இந்தப் பாட்டிலில், என்பதுதான் விளம்பரத்தின் சாரம். எரிந்து புண்ணானவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. நம் வீடுகளில் குளிக்கும் வாளியில் டெட்டால் ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மலாய் அண்டை வீட்டார் மஞ்சகானி என்பார்கள். அது வேறெதுவும் இல்லை, குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க நாம் வாங்கும் மாசிக்காய்தான். பிரசவத்துக்குப் பிறகு "இறுக்கம்" தரும் என்று அதை உள்ளே வைப்பதுண்டு. அதன் துவர்ப்பு ஈரத்தை உறிஞ்சும். அந்த வறட்சியைத்தான் இறுக்கம் என்று நினைக்கிறோம். உலர்ந்த தோலில் எளிதில் கீறல் விழும். தசைக்கு வலு வேண்டுமானால் அதற்கு இடுப்புத்தளப் பயிற்சி இருக்கிறது.

"அப்ப வெள்ளை படறது?" என்றார் அக்கா. "எங்கம்மா எலும்பு உருகி வெளிய வருதுன்னுதான் சொல்லுவாங்க. உடம்பு சூடாம்."

எலும்பு உருகுவதில்லை. அந்தத் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், உதிர்ந்த செல்கள், கருப்பை வாயின் சளி, மேலே சொன்ன நல்ல கிருமிகள். இரண்டு மாதவிடாய்க்கு நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு போல நூலிழுக்கும். கர்ப்ப காலத்தில் அதிகமாகும். இவை இயல்பு.

இயல்பில்லாதவை வேறு. தயிர்த் திப்பி போல வந்து கடுமையாக அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகியிருக்கின்றன. மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்தால் உடலுறவால் பரவும் தொற்றாக இருக்கலாம். கணவருக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். அடிவயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. இதில் சோகம் அந்த மீன் வாடைதான். வாடை வருகிறதே என்று கழுவுவார்கள். கழுவினால் மிச்சமிருக்கும் காவலும் போகும், வாடை கூடும், இன்னும் கழுவுவார்கள். டாக்டர் எழுதித் தரும் மருந்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தீர்வதை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள். சிங்கப்பூர் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த நாடு. அந்த நோய் அதிகம் தாக்கும் சமூகங்களில் நம் இந்தியச் சமூகமும் ஒன்று. நீரிழிவு சில பெண்களிடம் முதலில் இந்த அரிப்பாகத்தான் தலைகாட்டும்.

தீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மாடியில் தமிழ்ப் பாட்டி, மூன்றாம் நாள் கண்டிப்பாகத் தலைக்கு ஊற்றிக்கொள் என்பார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, அந்த நாட்களில் தலையை நனைக்கவே கூடாது என்பார். ஒரே தாழ்வாரத்தில் இரண்டு சட்டம்! ரத்தம் இரண்டையும் கேட்பதில்லை. எந்த நாளும் குளிக்கலாம். ஊறுகாய் ஜாடியைத் தொட்டாலும் ஊறுகாய் கெடாது; ஈரக் கரண்டி போட்டால்தான் கெடும்.

அக்கா சிரித்தார். பிறகு குரல் இன்னும் தணிந்தது. "அவர் போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. எனக்கு எதுக்கும்மா இந்த டெஸ்ட்? கேட்டா யாராச்சும் தப்பா நினைக்க மாட்டாங்களா?"

இந்தக் கேள்விதான் பெண்களைக் கொல்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்பிவி என்ற வைரஸால் வருவது. அதைக் கண்டு சொன்ன ஹரால்ட் ட்சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு கொண்ட பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒரு முறையாவது தொடும் வைரஸ் அது. கணவர் ஒருவரையே அறிந்த பெண்ணுக்கும் வரும். பலருக்குத் தானே போய்விடும். சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் ஓசையில்லாமல் இருந்து புற்றாக மாறும். ஆகவே பரிசோதனைத் தாளில் எச்பிவி இருப்பதாக வந்தால் அது நடத்தைச் சான்றிதழ் இல்லை. கணவர் இல்லை என்பதும் விதிவிலக்கு இல்லை.

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற தாதியர் 31,000க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த வினிகர் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடம் இருக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். குறை தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை. 2007இல் முடிவு வெளியானபோது, அந்தக் கிராமங்களில் இந்தப் புற்றுநோய் மரணங்கள் மற்றக் கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைந்திருந்தன. கழுவிக்கொள்ளச் சிலர் தேடும் அதே வினிகர்தான். தானே ஊற்றிக்கொண்டால் புண். பயிற்சி பெற்றவரிடம் காட்டினால் உயிர்.

சிங்கப்பூரில் அதைவிடக் கூர்மையான சோதனை இருக்கிறது. 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒரு முறை, செல்களைப் பார்க்கும் பாப் சோதனை. 30 முதல் 69 வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை, வைரஸைத் தேடும் எச்பிவி சோதனை. உயர்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு 2019இலிருந்து பள்ளியிலேயே தடுப்பூசி. ஊசி போட்டவர்களும் 25 வயது ஆனதும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. பெண் மருத்துவர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இது கருப்பை வாய்க்கான சோதனை. சினைப்பைப் புற்றை இது காட்டாது.

அக்கா 1966இல் கேகே மருத்துவமனையில் பிறந்தவர். அந்த ஒரே ஆண்டில் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்து, கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பெண் குழந்தைகள் பெரும்பாலும் இன்று மாதவிடாய் நின்றவர்கள். அவர்களுக்கு இரண்டு செய்தி. ஒன்று, ஈஸ்ட்ரோஜென் குறைவதால் வறட்சியும் எரிச்சலும் வரும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் புண்ணாகும், டாக்டரிடம் சொன்னால் களிம்பு உண்டு. இரண்டு, மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி ரத்தம் பட்டாலும் "மறுபடி வந்துடுச்சு" என்று துணி மாற்றிக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கருப்பைப் புற்றின் முதல் அடையாளம். அந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் குணமாகும்.

தே ஹாலியா ஆறிவிட்டது. அக்கா பாட்டிலையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்குமா என்பது அடுத்த கவலை. இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வாடையோ அரிப்போ ரத்தமோ கண்டால் குளியலறைக்கு ஓடாதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன நிறம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போங்கள். கடைசியாக எப்போது பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்பது நினைவில் இல்லையென்றால், நாளைக்கே தேதி வாங்குங்கள்.