மலை நடைக்குக் கோதுமையில்லா உணவு

தாஸ்மேனியாவின் ஓவர்லாண்ட் பாதை சுமார் 65 கிலோமீற்றர். நடந்து முடிக்க வழக்கமாக 6 நாட்கள். வழியில் கடை இல்லை. தங்கும் குடில்களில் சமையல் அடுப்பும் இல்லை. எல்லாம் முதுகிலேதான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 கிராம் உலர் உணவு என்று கணக்கிடலாம்.

உங்களில் ஒருவருக்குச் சீலியாக் நோய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் சிறிதளவு சேர்ந்தாலும் அவர்களின் சிறுகுடல் பாதிக்கப்படும். மூன்றாம் நாள் வயிற்றோட்டம் கண்டால் அங்கே வைத்தியரைத் தேட முடியாது.

இதற்கு நம் அவல் அருமையான உணவு. சுடுநீரில் ஊறினாலே போதும், எரிவாயுவும் மிச்சம். வறுத்த பருப்புப்பொடி, உலர்ந்த தேங்காய்ப்பூ, உப்பு, மிளகு கலந்து ஒருவேளைக்கு ஒரு பையாகக் கட்டுங்கள். ரவையும் சாதாரண சேமியாவும் கோதுமை என்பது தெரிந்ததே. பலர் கவனிக்காதது பெருங்காயத்தூள்! கடையில் விற்கும் தூள் பலவற்றில் கோதுமை மா கலந்திருக்கும். அரிசிமா கலந்ததும் கிடைக்கிறது. டப்பாவின் பின்புறத்தை வாசித்து வாங்குங்கள். ரசப்பொடி, சாம்பார்பொடியிலும் இதே பெருங்காயம் இருக்கலாம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் மா உதவும். ஆனால் சிலவற்றில் பால் புரதம் சேர்த்திருப்பார்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

பாரத்தைக் குறைக்கக் கச்சானும் எள்ளுருண்டையும் நல்லவை. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும், மாச்சத்து 4 மட்டுமே.

தனிச் சட்டி, தனிக் கரண்டி சுமப்பதைவிட, அந்த ஆறு நாளும் எல்லோரும் அவலையே சாப்பிடுவது இலகு.