திசுவியல் ஆய்வகக் கரைப்பான்கள்

திசுவியல் ஆய்வகக் கரைப்பான்கள் என்பவை, உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுவை நுண்ணோக்கியில் காண்பதற்கு ஏற்றவாறு பதப்படுத்தும்போது பயன்படும் சைலீன், ஆல்ககால் முதலிய நீர்மங்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை விரைந்து ஆவியாவன, எளிதில் தீப்பற்றுவன, நீண்டகாலத் தொடர்பினால் உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பன. சென்னையின் தென்புறநகரான தாம்பரத்திலும் குரோம்பேட்டை, தரமணி முதலிய இடங்களிலும் மருத்துவமனைகளும் மருத்துவ ஆய்வு நிறுவனங்களும் பல உள்ளன. இப்பகுதியின் வெப்பமும் மழைவெள்ளமும், கிணற்று நீரைச் சார்ந்த வாழ்க்கையும் இக்கரைப்பான்களைக் கையாளுவதில் தனிக் கவனத்தை வேண்டுகின்றன.

பயன்படும் முறை

திசுவில் பெரும்பகுதி நீர் ஆகும். அதனை மெல்லிய சீவல்களாக வெட்டுவதற்கு மெழுகில் பதிக்க வேண்டும். ஆனால் நீரும் மெழுகும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. எனவே, முதலில் பார்மலினில் இட்டு நிலைநிறுத்தப்பட்ட திசு, செறிவு படிப்படியாக உயரும் ஆல்ககால்களில் வைக்கப்பட்டு நீர் நீக்கப்படுகிறது. பின்னர் சைலீனில் இடப்படுகிறது. சைலீன் ஆல்ககாலுடனும் கலக்கும். உருகிய மெழுகுடனும் கலக்கும். அதன் ஒளிவிலகல் எண் திசுப் புரதங்களின் எண்ணுக்கு நெருங்கியது ஆதலால், அதில் இட்ட திசு கண்ணாடி போல் தெளிவடைகிறது. இதனாலேயே இப்படி 'தெளிவாக்கல்' எனப் பெயர் பெற்றது.

சைலீனின் வேலை இத்துடன் முடிவதில்லை. வெட்டிய சீவலிலிருந்து மெழுகை நீக்கவும், சாயமேற்றிய பின் மீண்டும் தெளிவாக்கவும் அதுவே பயன்படுகிறது. கண்ணாடி வில்லையை ஒட்டும் டி.பி.எக்ஸ் என்னும் பசையின் பெயரிலுள்ள கடைசி எழுத்தும் சைலீனையே குறிக்கும். ஒரு வில்லை முடிவதற்குள் அதனை உருவாக்கும் தொழில்நுட்பர் பலமுறை சைலீன் ஆவிக்கு உட்படுகிறார்.

எத்தனாலை வாங்குவதற்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். ஆகையால் இந்திய ஆய்வகங்கள் பல ஐசோபுரொப்பைல் ஆல்ககாலைப் பயன்படுத்துகின்றன.

தாம்பரமும் திசு ஆய்வும்

தாம்பரத்தில் 1928 ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஒரு நலவாழ்வகத்தை நிறுவினார். இவர் திறந்தவெளிக் காற்றையே மருந்தாகக் கருதிய மருத்துவ மரபைச் சேர்ந்தவர். 1937 இல் அரசு ஏற்றுக்கொண்ட இந்நிலையம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் தாம்பரம் சானடோரியம் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனம் உள்ளது.

காசநோய்க்கும் கரைப்பான் பாதுகாப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. காசநோய்க் கிருமியைத் திசுச் சீவலில் காண்பதற்குச் சீல்-நீல்சன் சாயமேற்றல் முறை கையாளப்படுகிறது. இதில் முதலில் சைலீனால் மெழுகு நீக்கப்படும். அடுத்து கார்பால் பியூக்சின் சாயம் சூடேற்றப்படும். சூடேற்றுவதற்குச் சாராய விளக்கைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். இவ்வாறு ஒரே முறையின் அடுத்தடுத்த இரு படிகளில் சைலீனும் தீச்சுடரும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. சுடருக்கு மாற்றாக வெந்நீர்த் தொட்டியைப் பயன்படுத்தலாம். சூடேற்றலே தேவைப்படாத கின்யோன் முறையும் உண்டு.

வெப்பமும் தீயும்

ஒரு நீர்மத்தின் ஆவி, அருகிலுள்ள பொறியினால் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரளும் மிகக் குறைந்த வெப்பநிலை அதன் தீப்பற்றுநிலை எனப்படும். எத்தனாலுக்கு இது ஏறத்தாழ 13 பாகை செல்சியசு. ஐசோபுரொப்பைல் ஆல்ககாலுக்கு 12 பாகை. சைலீனுக்கு அதன் வகையைப் பொறுத்து 27 முதல் 32 பாகை வரை.

சைலீனின் எண்ணே இங்குக் கருதத்தக்கது. 20 பாகை வெப்பமுள்ள ஐரோப்பிய ஆய்வகமொன்றில், திறந்து வைத்த சைலீன் தன் தீப்பற்றுநிலைக்குக் கீழே உள்ளது. தாம்பரத்துக்கு அருகிலுள்ள மீனம்பாக்கத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது. மே மாதத்தில் 40 பாகையைத் தொடும் நாட்களும் உண்டு. ஆகவே குளிரூட்டப்படாத அறையில் சைலீன் பெரும்பாலும் பற்றக்கூடிய நிலையிலேயே உள்ளது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேட்டின் எச்சரிக்கையை இங்கு ஒருபடி கூட்டியே படிக்க வேண்டும். பகலில் குளிரூட்டி இயங்கும் அறையும் இரவில் அது நிறுத்தப்பட்ட பின் சூடாகிவிடும். எனவே சாயமேற்றும் தொட்டிகளை மூடிவிட்டுச் செல்வது இன்றியமையாதது.

சுடர் மட்டுமே தீமூலம் அன்று. குளிர்பதனப் பெட்டியின் மின்தொடுப்பு, வில்லையைச் சூடாக்கும் தட்டு, மின்விசை மாற்றி ஆகியவையும் போதும். சைலீன் வடியாத வில்லைகளை 60 பாகை வெப்பமுள்ள மெழுகு அடுப்பில் வைப்பது ஆபத்தானது. சைலீன் நீரைவிட இலேசானது. நீரூற்றினால் மிதந்து தீயைப் பரப்பும். ஆதலால் உலர்தூள், நுரை அல்லது கரிமவாயு அணைப்பான்களே பொருந்தும்.

இப்பண்பு வெள்ளக் காலத்திலும் நினைவில் கொள்ளத்தக்கது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. கரைப்பான் புட்டிகளைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும் என்பது பொது விதி. உயரத்திலிருந்து விழுந்து உடையாமல் இருப்பதற்காக அவ்விதி ஏற்பட்டது. ஆனால் வெள்ளம் புகும் கட்டடத்தில் தரைத்தளமே கிடங்குக்கு ஏற்றதன்று. மேல்மாடியில், கீழ்த்தட்டில் வைப்பதே இரண்டுக்கும் பொருந்தும்.

உடல்நலக் கேடுகள்

சைலீன் பெரும்பாலும் மூச்சின் வழியாகவும், ஓரளவு தோலின் வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் எரிச்சல் ஆகியவை உடனடி விளைவுகள். தோலிலுள்ள கொழுப்பைக் கரைப்பதால் கைகள் வறண்டு வெடிக்கும். கல்லீரல் இதனை மெத்தில் இப்பூரிக் அமிலமாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. தொழிலாளியின் சிறுநீரில் இவ்வமிலத்தை அளந்து அவர் பெற்ற அளவை அறியலாம். மது அருந்துவோரின் உடலில் சைலீன் மெதுவாகவே சிதைகிறது.

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்குச் சைலீனின் வரம்பைக் காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு என வகுத்தது. அமெரிக்க அரசுசார் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பு 2021 இல் தன் பரிந்துரையை 20 பங்காகக் குறைத்தது. மனித மூக்கு ஏறத்தாழ 1 பங்கிலேயே மணத்தை உணரும். தீப்பற்றுவதற்கு 10,000 பங்கு வேண்டும். அதாவது, காற்று தீப்பற்றும் நிலையை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே மூச்சுக்குரிய வரம்பு மீறப்பட்டிருக்கும். மூக்கோ சிறிது நேரத்தில் மணத்துக்குப் பழகிவிடுகிறது. "இப்போது வாடையே தெரிவதில்லை" என்று ஒருவர் சொன்னால் அதனைக் காற்று தூய்மையடைந்ததற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சைலீனைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தவில்லை. பார்மலினில் உள்ள பார்மால்டிகைடை 2004 இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் வகையில் சேர்த்தது. பார்மலின் கரைப்பான் அன்று எனினும், அதே மேசையில் அதே கைகளால் கையாளப்படுவதால் இங்குக் குறிப்பிடப்படுகிறது. பென்சீனும் முதல் வகையைச் சேர்ந்தது. திசுவியலில் அதற்கு இன்று இடமில்லை.

காற்றோட்டமும் காப்பணிகளும்

தாம்பரம் போன்ற வெப்பப் பகுதியில் சன்னலை அடைத்துக் குளிரூட்டியை இயக்குவது இயல்பு. ஆனால் சுவரில் பொருத்தும் குளிரூட்டி அறைக்குள் உள்ள காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது, ஆவியை வெளியேற்றுவதில்லை. மூடிய குளிர் அறையில் சைலீன் ஆவி நாள் முழுதும் சேர்ந்துகொண்டே இருக்கும். வேலை செய்யும் இடத்திலேயே ஆவியை இழுத்து வெளியே விடும் புகைக்கூண்டு தேவை. சைலீன் ஆவி காற்றைவிட 3.7 மடங்கு கனமானது. சிந்திய சைலீனின் ஆவி தரையோடு படரும். கூரைக்கருகே மட்டும் உள்ள வெளியேற்று விசிறி இதற்குப் போதாது. மின்தடையின்போது விசிறியும் கூண்டும் நின்றுவிடுமாதலால், புட்டிகளை மூடி வேலையை நிறுத்துவதே முறை.

அறுவை முகமூடி ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்குரிய, கிளர்வுற்ற கரி கொண்ட மூச்சுக்காப்பு வேண்டும். இரப்பர் கையுறையைச் சைலீன் சில நிமிடங்களில் ஊடுருவும். நைட்ரைல் கையுறை தெறிப்புகளுக்குச் சிறிது நேரம் உதவும். நனைந்தவுடன் மாற்ற வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் நீரால் கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. நீர்மம் நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கழிவு

பயன்படுத்திய சைலீனையும் பார்மலினையும் கழுவுதொட்டியில் ஊற்றுவது தவறு. 2016 ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவுப் பார்மலினை மஞ்சள் வகையில் வைத்து, தனியே சேகரிக்குமாறு பணிக்கின்றன. தென்புறநகரில் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பியிருக்கும் தெருக்கள் பல. நச்சுத்தொட்டிக்குள் சென்ற கரைப்பான் பக்கத்து வீட்டுக் கிணற்றை அடைய அதிக தொலைவு இல்லை. பெரிய ஆய்வகங்கள் சைலீனைக் காய்ச்சி வடித்து மீண்டும் பயன்படுத்தலாம்.

மாற்றுப் பொருட்கள்

ஆரஞ்சுத் தோலிலிருந்து பெறப்படும் இலிமோனீன், தேவதாரு எண்ணெய், கனிம எண்ணெய்கள் ஆகியவை சைலீனுக்கு மாற்றாகப் பயன்படுத்தப்பட்டுள்ளன. 2010களில் இந்தியப் பல்மருத்துவ நோயியல் ஆய்வகங்களில் தேங்காய் எண்ணெயும் தெளிவாக்கியாகச் சோதிக்கப்பட்டது. இது நச்சற்றது, மலிவானது; ஆனால் பாகுத்தன்மை மிக்கதாதலால் திசுவுக்குள் மெதுவாகவே ஊடுருவும். குளிர்ந்தால் உறையும் இவ்வெண்ணெய் தாம்பரத்தின் வெப்பத்தில் உறைவது அரிது. குளிரூட்டிய அறையில் மட்டும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.