பத்து மணிக்கு வரலாமா?

பாட்டிக்குச் செவ்வாய், வியாழன், சனி ரத்தச் சுத்திகரிப்பு. காலையில் நிலையத்தில் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. சனி எனக்கு விடுமுறை. மற்ற இரு நாளும் 8.30 மணி வேலைக்குப் பத்து மணிக்குத்தான் போய்ச் சேர முடியும்.

சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர்கள் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்து மூலம் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்திற்குள் எழுத்து மூலமே பதில் தர வேண்டும். மறுத்தால் வேலை தொடர்பான நியாயமான காரணம் வேண்டும். "எங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்பது காரணமாகாது. அதற்காக, கேட்டது கிடைத்தே தீரும் என்றும் பொருளல்ல. பலர் இதை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்!

எந்த நாள்கள், எவ்வளவு காலம், ஏன் என்பவற்றோடு, காலைச் சரக்குப் பட்டியலை முந்தின நாள் மாலையே முடித்துவைப்பேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் உடனே சம்மதிக்கவில்லை. "எட்டரைக்கு லாரி வந்து நின்றால் யார் பார்ப்பது?" என்றார். நியாயமான கேள்விதான். தானே முடிவெடுக்காமல் குழுவை அழைத்துப் பேசினார். அதுதான் எனக்குப் பிடித்தது. மலாய் நண்பர் ஒருவர் காலை லாரியைக் கவனித்துக்கொள்ள முன்வந்தார். பதிலுக்கு வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அவர் இடத்தில் நான்.

மூன்று மாதச் சோதனை என்று கடிதம் வந்தது. இப்போது இரண்டாம் மாதம். சென்ற வாரம், கைக்குழந்தை உள்ள சக ஊழியர் ஒருவர் என் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்.