ஹீட்டரை வெளியே எடுக்கும் முன்பு



தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழும். பிள்ளைகளுக்காகச் சிலர் ஹீட்டர் வாங்கி வைத்திருக்கிறோம். பல மாதம் பெட்டியில் கிடந்ததை எடுத்தவுடனே பிளக்கில் போட்டுடாதீங்க.

முதலில், பிளக்கில் போடாமலே, உள்ளே படிந்த தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டுங்கள். தண்ணீர் படவே கூடாது. வயர் வெடித்திருந்தால் பாவிக்க வேண்டாம்.

2000 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் பிளக் பொயின்ட் அதைத் தாங்காது. வயர் சூடாகித் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்காது, லயம் முழுக்கப் பரவும். மல்டி பிளக்கும் வேண்டாம்.

இடையில் தானாக நின்றால் அநேகமாகச் சூடு மிஞ்சியிருக்கும். பிளக்கைக் கழற்றி ஆறவிட்டு, காற்றுப் போகும் வழியைத் துப்புரவு செய்யுங்கள். பியூஸ் போனால் தடித்த கம்பியைக் கட்டிடாதீங்க. வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஈரத் துணியை மேலே போடாதீங்க. படுக்கும் முன் அணைத்துப் பிளக்கையும் கழற்றுங்கள். குளிர் போனதும் நன்றாக ஆறவிட்டு, வயரை மடிக்காமல் தளர்வாகச் சுற்றி, கூரை ஒழுகாத இடத்தில் மூடி வைப்போம். அடுத்த தைக்கும் உதவும்.