மதிய உணவுப் பெட்டியில் குட்டிப் பீட்சா

‘காலையில் கட்டிக் கொடுத்த சோறு மாலையில் அப்படியே திரும்பி வருகிறது’ என்பது எங்கள் புறநோயாளிப் பிரிவில் பெற்றோர் பலர் கூறும் குறை. எலுமிச்சைச் சாதத்தையும் தயிர்ச்சாதத்தையும் ஒதுக்கும் பிள்ளை, பீட்சா என்றதும் முகம் மலர்கிறது. இதற்காக வருந்த வேண்டியதில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை மக்களின் பசியாற்றிய பண்டமே பீட்சா. கடைப் பீட்சாவில் மிகுந்துள்ள மைதா, உப்பு, கொழுப்பு ஆகியவையே கவலைக்குரியவை.

இத்தகைய உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. வீட்டிலிருந்து செல்லும் பெட்டிக்குக் காவல் பெற்றோரே.

ஏன் இந்த அக்கறை?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். நம் காவிரிப் படுகையில் அரிசிக்குக் குறைவில்லை. ஆயினும் தீட்டிய அரிசியில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சோறு வயிற்றை நிரப்பும். இரத்தம் ஊறுவதற்குப் பருப்பும் கீரையும் முட்டையும் காயும் உடன் சேர வேண்டும். பிள்ளை விரும்பும் வடிவத்தில் இவற்றை உள்ளே செலுத்துவதே நம் நோக்கம்.

செய்முறை

மைதாவுக்குப் பதிலாக, நம் வீடுகளில் என்றும் இருக்கும் இட்லி மாவே போதும். அரிசியும் உளுந்தும் சேர்வதால் புரதம் மேம்படுகிறது. மாவு புளிப்பதால் இரும்புச்சத்தை உடல் ஏற்பதும் எளிதாகிறது.

தேவையானவை: கெட்டியான இட்லி மாவு 2 கோப்பை, தக்காளி 3, சின்ன வெங்காயம் 10, பூண்டு 2 பல், முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, துருவிய கேரட், பொடியாக நறுக்கிய குடைமிளகாய், துருவிய பாலாடைக்கட்டி (சீஸ்), நல்லெண்ணெய்.

1. வெங்காயம், பூண்டு, தக்காளியை நல்லெண்ணெயில் நீர் வற்ற வதக்கி, ஆறியபின் கொரகொரப்பாக அரைக்கவும். சர்க்கரை வேண்டாம். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையை இக்கூழிலேயே சேர்த்து மீண்டும் வதக்கிவிட்டால், பிள்ளை அதனைப் பொறுக்கி ஒதுக்க இயலாது. சீஸிலேயே உப்பு இருப்பதால் கூழில் உப்பை மிகக் குறைக்கவும்.

2. இரும்புத் தோசைக்கல்லில் மாவை உள்ளங்கை அளவாகத் தடிமனாக ஊற்றி, மூடியிட்டுச் சிறுதீயில் வேகவிட்டுத் திருப்பவும்.

3. வெந்த பக்கத்தில் கூழைத் தடவி, கேரட், குடைமிளகாய் தூவி, அதன்மேல் ஒரு மேசைக்கரண்டி சீஸ் இட்டு, அது உருகும்வரை மூடி வைக்கவும். முட்டை உண்ணும் வீடுகளில் சீஸுக்கு மாற்றாக, அடித்த முட்டையை ஊற்றி முழுவதும் வேகவைக்கலாம்.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு மூன்று போதுமானவை. உடன் இரண்டு கொய்யாத் துண்டுகளை வையுங்கள். கொய்யாவின் வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும். உணவையொட்டித் தேநீரோ காப்பியோ கொடுத்தால் அப்பயன் குறையும்.

பெட்டியை மூடுமுன்

காலை ஏழு மணிக்குக் கட்டிய உணவு நண்பகலில்தான் உண்ணப்படுகிறது. தஞ்சை வெயிலில் இந்த ஐந்து மணி நேரம் கிருமிகளுக்கு ஏற்ற பொழுது. ஆகவே கூழை முந்தைய இரவே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும், காலையில் கொதிக்கச் சூடேற்றுங்கள். அடையை அன்று காலையிலேயே சுடுங்கள். சூடு தணிந்தபின் மூடினால் நீர் கோக்காது. பனீர் விரைவில் கெடுமாதலால் கோடைக்காலத்தில் தவிர்க்கலாம். மீந்து திரும்பி வருவதை மாலையில் மீண்டும் கொடுக்க வேண்டாம். சில கிருமிகளின் நச்சு, சூடுபடுத்தினாலும் அழிவதில்லை.

சிலருக்குச் சிறப்புக் கவனம்

கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயுடைய பிள்ளைகளுக்கு இவ்வரிசி அடை ஏற்றது. ஆயினும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. பால் ஒவ்வாமை உடையோர் சீஸைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோயுடைய பிள்ளைகளுக்குத் தக்காளி, சீஸ் ஆகியவற்றின் அளவையும், இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு அடைகளின் எண்ணிக்கையையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்க.

பள்ளியில் உண்ணும் பிள்ளைகள்

1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2023 ஆகஸ்டில் நம் படுகையின் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிவுபெற்ற காலை உணவுத் திட்டமும் சோறு, பருப்பு, காய், முட்டை எனச் சத்தான உணவையே வழங்குகின்றன. அதனை உண்ணும் பிள்ளைக்கு இவ்வடை மாலைச் சிற்றுண்டியாகட்டும். சத்துணவுக்கு மாற்றாகக் கட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

பெட்டி காலியாகத் திரும்பினும் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். கண்ணிமையின் உட்புறமும் நாக்கும் வெளிறுதல், விளையாட்டில் விரைவில் களைத்தல், எடை கூடாமை ஆகியவை அவற்றுள் சில. பச்சரிசி, சாக்பீஸ், மண் ஆகியவற்றை மெல்லும் பழக்கமும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகலாம். நெல் விளையும் ஊர்களில் அரிசி மெல்லுவதை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. அத்தகைய பிள்ளையை அதட்டாமல் அழைத்து வாருங்கள். எளிய இரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்துவிடும். இரத்தசோகை உறுதியானால் உணவு மட்டும் போதாது. மருத்துவர் குறித்த நாள்வரை இரும்புச்சத்து மருந்தை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.